ஒட்டுவில் என்றால் என்ன? சீட்டுக்கட்டிலிருந்து வில் வரை

ஒரு சீட்டுக்கட்டை எடுங்கள். இரண்டு முனைகளையும் தளர்வாகப் பிடித்து வளையுங்கள். சுலபமாக வளையும். வளைந்த நிலையிலேயே முனைகளைப் பாருங்கள்: நேராக இருந்த விளிம்பு சரிவாகிவிட்டிருக்கும். ஒவ்வொரு சீட்டும் பக்கத்துச் சீட்டின்மேல் மயிரிழை அளவு வழுக்கியிருக்கிறது. கையை விட்டால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். இன்னொரு முறை வளைத்து, அந்தச் சரிவு கலையாமல் இரு முனைகளிலும் பைண்டர் கிளிப் போட்டுக் கவ்விவிட்டு, கையை எடுங்கள். இப்போது கட்டு நிமிராது. சீட்டுகள் திரும்பி வழுக்க வழியில்லாததால் வளைவு அதிலேயே பூட்டிக்கொண்டது.

கிளிப்புக்குப் பதிலாக நீளம் முழுக்கப் பசை, சீட்டுக்குப் பதிலாகப் பலகையிலிருந்து எடுத்த மெல்லிய மரப்பட்டை (மரத்தின் தோல் அல்ல). ஒட்டுவில் என்பது அவ்வளவுதான். ஒட்டுமாங்கன்று மாதிரி இதையும் ஒட்டுவில் என்றே சொல்கிறேன். மெல்லிய பட்டைகளை அடுக்கி ஒட்டிச் செய்யும் வில். கடந்த இரண்டு வருடங்களில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் நான்கு செய்தேன். இரண்டு உயிரோடு இருக்கின்றன.

பசை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஒரு பட்டையின் விறைப்பு அகலத்தோடு நேராகக் கூடும். தடிமனோடு கூடும்போதோ மும்மடியாகக் கூடும். அகலத்தை இரட்டித்தால் விறைப்பு 2 மடங்கு. தடிமனை இரட்டித்தால் 2 × 2 × 2, அதாவது 8 மடங்கு. இப்போது ஒரே மாதிரி இரண்டு பிளாஸ்டிக் ஸ்கேல்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து வளைத்துப் பாருங்கள். ஒட்டாமல் வைத்தால் ஒரு ஸ்கேலைப் போல 2 மடங்கு விறைப்புதான், ஏனென்றால் இரண்டும் தனித்தனியே வழுக்கி வளைகின்றன. ஒட்டிவிட்டால் 8 மடங்கு. கூடுதலாக வந்த அந்த விறைப்பு முழுவதும் பசை வழுக்கலைத் தடுத்ததால் வந்தது. நாணை இழுக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு பட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும், பசை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஒட்டுவில் உடையும்போது சில நேரம் மரத்துக்கு ஒரு கீறலும் இல்லாமல் ஒட்டு மட்டும் பிளந்துகொள்வது இதனால்தான். என்னுடைய முதல் வில்லும் ஒட்டு பிளந்துதான் போனது.

சரி, ஒரே மரக்கட்டையில் வில் செய்ய முடியாதா? முடியும், ஆயிரக்கணக்கான வருடமாகச் செய்கிறார்கள். ஆனால் வளையும் எந்தப் பொருளிலும் இரண்டு எதிரெதிர் வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நீங்கள் குனிந்து தரையில் கிடக்கும் பேனாவை எடுக்கும்போது முதுகுத் தோல் இழுபடும், வயிறு மடிந்து நசுங்கும். வில்லும் அப்படித்தான். வில்லாளர்கள் அதன் இரு பக்கங்களையும் முதுகு, வயிறு என்றே சொல்கிறார்கள். இங்கே புதியவர்கள் எல்லாரும் ஒரு முறை குழம்புவார்கள்: இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு, எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு. முதுகு இழுவிசையைத் தாங்க வேண்டும், வயிறு அமுக்கத்தைத் தாங்க வேண்டும். நடுவில் ஒரு மெல்லிய தளத்தில் இரண்டும் கிட்டத்தட்ட இல்லை.

இழுவைக்கு நல்ல பொருள் ஒன்று, அமுக்கத்துக்கு நல்ல பொருள் வேறொன்று. இரண்டையும் ஒரே மரத்தில் வைத்துக் கொடுத்தது ஐரோப்பாவின் யூ மரம். அதன் வெளிப்புற வெள்ளைக்கட்டை இழுவையைத் தாங்கும், உள்ளே இருக்கும் செவ்வைரம் அமுக்கத்தைத் தாங்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வெட்டினால் இயற்கையே ஒட்டிக் கொடுத்த வில். 1545இல் மூழ்கி 1982இல் கடலிலிருந்து தூக்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் 130க்கும் மேற்பட்ட யூ மர நெடுவில்கள் கிடைத்தன.

அப்படிப்பட்ட மரம் கையில் இல்லாதவர்கள் தாங்களே சேர்த்தார்கள். துருக்கியர்கள் வயிற்றுக்கு எருமைக்கொம்பு, நடுவில் மரம், முதுகுக்கு விலங்குத் தசைநார் வைத்து, தோலிலிருந்தும் மீனின் காற்றுப்பையிலிருந்தும் காய்ச்சிய பசையால் ஒட்டினார்கள். ஜப்பானியரின் யுமி முதுகிலும் வயிற்றிலும் மூங்கில், நடுவில் மரமும் மூங்கில் சீவல்களும் கொண்டது; 2 மீட்டருக்கு மேல் நீளம், பிடி நடுவில் இல்லாமல் கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். அதை ஒட்டும் விதம்தான் எனக்குப் பிடித்தது. பசை தடவிய அடுக்கைக் கயிற்றால் நெருக்கமாகச் சுற்றி, கயிற்றுக்கு அடியில் வரிசையாக மூங்கில் ஆப்புகளை அடித்து இறுக்குகிறார்கள். ஆப்பு இறுக இறுக வளைத்துக்கொண்டே போகிறார்கள். கிளிப் போட்ட சீட்டுக்கட்டேதான்.

இன்றைக்குக் கடையில் விற்கும் வளைவு வில்கள் (நுனிகள் இலக்குப் பக்கம் வளைந்தவை, ஆங்கிலத்தில் ரீகர்வ்) பலவற்றில் மரப்பட்டைகளுக்கு இருபுறமும் கண்ணாடியிழை ஒட்டியிருக்கும். அது தப்பைப் பொறுத்துக்கொள்ளும் பொருள். ஆனால் அதை இழைக்கும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்கு ஆகாது, சட்டைக்குள் போனால் இரண்டு நாள் அரிக்கும். வீட்டில் முதல் முறை செய்பவருக்கு நான் சொல்வது மூங்கில் முதுகும் மர வயிறும் கொண்ட இரண்டடுக்கு வில். பொருளும் இங்கேயே கிடைக்கும்.

மூங்கிலில் நார் எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியாக இருக்காது. பச்சைத் தோலுக்கு அடியில் நெருக்கமாகவும், உள்ளே போகப்போகக் கலைந்தும் இருக்கும். அதனால் வெளிப்பக்கத்தைத் தொடவே கூடாது. மேல் மினுக்கை மட்டும் லேசாகச் சுரண்டலாம், கணுவை உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம், அத்தோடு சரி. சமப்படுத்துவது உட்பக்கத்தைத்தான். சாரம் கட்டும் மூங்கில் விற்கும் இடத்தில் குறைந்தது 4 அங்குல விட்டமுள்ளதாக, நேராக, நன்றாகக் காய்ந்ததாகப் பொறுக்குங்கள். சின்னதில் பிளந்த பட்டை குழாய் மாதிரி குவிந்திருக்கும், தட்டையாக்கினால் ஓரத்தில் ஒன்றும் மிஞ்சாது. நான் தட்டையாக்கியதில் நடுமுகடு 4 மி.மீ., ஓரங்கள் ஒன்றரை மி.மீ. இருந்தன. இன்னொன்று: பட்டையை வாங்கி மூலையில் சாய்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்துக்குத் துளைப்பூச்சி வரும். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது என் பட்டைக்குக் கீழே பவுடர் கொட்டினாற்போல் வெள்ளைத்தூள்.

வயிற்றுக்கு எந்த மரம்? வெளிநாட்டுக்காரர்கள் ஹிக்கரி, இப்பே என்று சொல்வார்கள். அதைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊர் ஆசாரியிடம் போய், கோடாலிப் பிடிக்கு எந்த மரம் போடுவீர்கள் என்று கேளுங்கள். அடியும் அதிர்வும் தாங்கி வளைந்து நிமிரும் மரம் எதுவோ அதைச் சொல்வார். எனக்குத் தடசு கிடைத்தது. கருவிப் பிடிகளுக்குப் பேர்போன மரம். பலகையில் ரேகை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் வில் அங்கேதான் விட்டுக்கொடுக்கும். தேக்கு பார்க்க அழகுதான், ஆனால் எண்ணெய்ப் பசை உள்ளது. ஒட்டும் முன் அசிட்டோன் வைத்துத் துடைக்காவிட்டால் ஒட்டு நம்பிக்கையாக இருக்காது.

அளவு: நாண் இழுப்பது 28 அங்குலம் என்றால் வில் 68 அங்குலம் இருக்கட்டும். குட்டை வில் வேகமாக எய்யும், ஆனால் மரத்தை அதிகம் வாட்டும். அகலம் பிடிக்கு அருகில் 32 மி.மீ., நுனியில் 12 மி.மீ. தடிமன் பிடியிலிருந்து நுனிக்குக் குறைந்துகொண்டே வர வேண்டும், ஏனென்றால் வளைக்கும் சுமை பிடிக்கு அருகில்தான் அதிகம், நுனியில் ஏறக்குறைய இல்லை. ஒட்டும்போது மொத்தமாகப் பிடிப்பக்கம் 15, நுனியில் 10 மி.மீ. என்று கனமாகவே வைத்தேன். இழைத்துக் குறைக்கலாம், கூட்ட முடியாது.

பலகையை இப்படி நான் ஒல்லியாக்கிக்கொண்டிருந்ததை எங்கள் தெரு ஆசாரி ஷெட் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "என்ன தம்பி, நல்ல பலகையை ஈர்க்குச்சி ஆக்குறீங்க?" என்றார். அப்புறம் அவரே இழைப்புளியை வாங்கி, ஒட்டும் முகத்தை நாலே இழுப்பில் சமமாக்கிக் கொடுத்தார். இரண்டு முகங்களையும் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் எங்கேயும் ஒளி தெரியக் கூடாது. பார்க்க வேண்டிய பரிசோதனை அது ஒன்றுதான்.

ஒட்டும் வேலைக்கு ஒரு அச்சு வேண்டும். பிளைவுட் துண்டுகளை அடுக்கி, 6 அடி நீளத்துக்கு, நுனிகள் முதுகுப் பக்கமாக 2 அங்குலம் வளைந்து வருமாறு செய்துகொண்டேன். நாண் இழுபடும் திசைக்கு இது நேர் எதிர். காரணம் உண்டு. பழகப்பழக எந்த மரவில்லும் எய்பவர் பக்கம் கொஞ்சம் சோர்ந்து வளைந்துவிடும். முன்கூட்டியே எதிர்ப்பக்கம் வளைத்துப் பூட்டிவிட்டால் சோர்ந்த பிறகும் நேராக நிற்கும். நாணேற்றும்போதே விறைப்பும் கூடியிருக்கும். அச்சின்மேல் பேக்கிங் டேப் ஒட்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் வில்லோடு அச்சும் சேர்ந்துவிடும்.

பசை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். தச்சு வேலைக்குப் போடும் வெள்ளைப் பசை மேசைக்கும் அலமாரிக்கும் அருமை. ஆனால் தொடர்ந்து இழுவிசை இருந்தால் மெல்ல நழுவும் குணம் அதற்கு உண்டு. இங்கே வளைவே ஒட்டில்தான் பூட்டியிருக்கிறது. அதனால் மெதுவாக இறுகும் இரட்டைக் குழாய் எபாக்சி, அரால்டைட் மாதிரி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். அதை வைத்துக்கொண்டு ஆறடி தடவி முடிக்க முடியாது.

முதல் வில்லை நான் கெடுத்த கதை இங்கேதான் வருகிறது. மே மாத மதியம். ஷெட் தகரக் கூரை. மொத்த எபாக்சியையும் ஒரு டீ கப்பில் ஒரே தடவையில் கலக்கி வைத்துக்கொண்டு, நிதானமாக ஒரு முனையிலிருந்து தடவ ஆரம்பித்தேன். எபாக்சி இறுகும்போது தானே சூடாகும். குறுகலான கப்பில் மொத்தமாக இருந்தால் அந்தச் சூடு வெளியேறாமல் இன்னும் வேகமாக இறுகும். பாதி நீளம் போவதற்குள் கப் கையைச் சுட்டது, பிறகு புகைந்தது, உள்ளே தேன்பாகு போலக் கெட்டியாகிவிட்டது. மீதியைச் சுரண்டிச் சுரண்டி அப்பி எப்படியோ மூடினேன். பத்தாவது நாள் 20 அங்குலம் இழுத்தபோது சடசடவென்று ஒட்டு பிரிந்தது. பிளந்த முகத்தைப் பார்த்தால் ஒரு பக்கம் நார் பிய்ந்திருந்தது, அங்கே பசை பிடித்திருக்கிறது. மறுபக்கம் மரம் மொழுக்கென்று இருந்தது.

அதிலிருந்து காலை 6 மணிக்குத்தான் ஒட்டுகிறேன், அகலமான தட்டில், இரண்டு தவணையாகக் கலக்கி. ஒட்டும் முகங்களை ரம்பத்தகட்டால் நீளவாக்கில் லேசாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, தூசு துடைத்து, இரண்டு முகத்திலும் தடவ வேண்டும். அழுத்துவதற்கு விலையுயர்ந்த கிளாம்ப் ஒன்றும் வேண்டாம். பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் வாங்கி ஓரங்குல நாடாவாக வெட்டி, அச்சோடு சேர்த்து இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் கிடைக்கும். ஓரத்தில் பசை மணிமணியாகக் கசிய வேண்டும். எங்காவது கசியவில்லை என்றால் அங்கே பசை போதவில்லை. அதே சமயம் வெறி பிடித்தாற்போல் இறுக்கவும் கூடாது. எபாக்சிக்குக் கொஞ்சம் தடிமன் தேவை, முழுக்கப் பிழிந்துவிட்டால் ஒட்டு பலவீனமாகும். ஒரு முழு நாள் தொடாதீர்கள். பிடிக்கு ஒரு தனிக் கட்டையை வயிற்றுப் பக்கம் ஒட்டி, அதன் இரு முனைகளையும் தடிமன் ஒன்றுமில்லாமல் போகும்வரை சரிவாக இழைத்துவிட வேண்டும். பிடிக்கட்டைக்கு அடியில் வில் வளைந்தால் கட்டை தெறித்துக் கழன்றுவிடும்.

அச்சிலிருந்து எடுத்தால் கையில் இருப்பது வில் இல்லை, வில் மாதிரி வளைந்த ஒரு கம்பு. இனிமேல்தான் வில்லின் இரு கைகளையும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாதிகளை, சமமாக வளைய வைக்கும் வேலை. கிளப்புகளில் கையை லிம்ப் என்பார்கள், இந்த வேலையை டில்லரிங் என்பார்கள். நுனிகளில் உருண்டை அரத்தால் நாண் உட்காரும் குதையை வெட்டிக்கொண்டு, முதலில் தளர்வான நீளக் கயிறு ஒன்றைக் கட்டுங்கள். பிடியைச் சுவரில் அடித்த ஒரு தாங்கியில் வைத்து, கயிற்றைக் கீழே ஒரு கப்பி வழியாகத் தள்ளி நின்று இழுக்க வேண்டும். நடுவில் ஒரு தொங்கு தராசு. தள்ளி நிற்கச் சொல்வது சும்மா இல்லை, உடைந்தால் துண்டு பறக்கும்.

சுவரில் சதுரக் கட்டங்கள் வரைந்து வைத்தேன். மெல்ல இழுத்துக்கொண்டே பார்த்தால் எந்தக் கை விறைப்பு, எந்த இடத்தில் வளைய மறுக்கிறது என்று கட்டத்தை வைத்துத் தெரியும். விறைத்த இடத்தில் பென்சிலால் குறி. சுரண்டுவது வயிற்றுப் பக்கத்தில் மட்டும். முதுகு மூங்கில்மேல் கை வைக்கக் கூடாது. இங்கேயும் ஆசாரிதான் காப்பாற்றினார். இழைப்புளி ஒரு இழுப்பில் அதிகம் எடுத்துவிடுகிறது என்று நான் புலம்ப, உடைந்த ஜன்னல் கண்ணாடிச் சில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். சாய்த்துப் பிடித்து இழுத்தால் வெங்காயத்தோல் மாதிரி சுருள் வருகிறது. மும்மடிக் கணக்கை மறந்துவிடாதீர்கள்: 12 மி.மீ. தடிமனை நீளம் முழுக்க 11 ஆக்கினால் விறைப்பு கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக விழும். 40 பவுண்டு வில், அதாவது முழுதாக இழுக்க 40 பவுண்டு விசை கேட்கும் வில், 31 ஆகிவிடும். அந்த ஒரு மி.மீ.க்குள்தான் மொத்த விளையாட்டும்.

பத்துப் பதினைந்து சுரண்டல், பிறகு முப்பது தடவை மெல்ல இழுத்துத் தளர்த்தல், பிறகு மறுபடி பார்த்தல். சுரண்டியது உடனே தெரியாது. மரம் கொஞ்சம் இழுபட்ட பிறகுதான் தன் புது வடிவத்தைக் காட்டும். எந்தக் கட்டத்திலும் நீங்கள் விரும்பும் எடைக்கு மேல் இழுக்கக் கூடாது. எனக்கு வேண்டியது 35 பவுண்டு. 20 அங்குலத்திலேயே தராசு 35 காட்டினால் அங்கேயே நிறுத்தி, சுரண்டி, அப்புறம்தான் 21. இதில் பொறுமை இழந்து ஒரே இடத்தில் சுரண்டினால் அந்த இடம் மட்டும் முழங்கை போல மடியும். அங்கே வயிற்று மரத்தில் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும், நார் நசுங்கிவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய வழியில்லை. மூங்கில் தடித்துப் போனாலும் இதே கதிதான்: முதுகு அசையாமல் நின்றுகொண்டு வயிற்றை நசுக்கிவிடும். முகடு 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம் என்று நான் வைத்துக்கொண்டது இதற்காகத்தான்.

இரு கைகளும் சமமானதும் சரியான நாண். மரவில்லுக்கு டாக்ரான் நூல் போதும். கொஞ்சம் நீளும், அந்த நீட்சி நுனிகளுக்கு அதிர்ச்சி போகாமல் காக்கும். நீளாத நவீன இழைகள் மர நுனியை அறுத்துவிடலாம். நாணேற்றினால் பிடிக்கும் நாணுக்கும் நடுவே 6 அங்குலம், கட்டைவிரலை உயர்த்திய முட்டி அளவு. அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடவே விடாதீர்கள். அம்பு எடுத்துக்கொண்டு போகவேண்டிய சக்தி மொத்தமும் வில்லிலேயே திரும்பிப் பாயும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் முதலில் செய்வது அதைத்தான், அதனால் நாண் கழற்றித்தான் மாட்டி வைக்கிறேன்.

என் மூன்றாவது வில் அச்சிலிருந்து வந்தபோது 2 அங்குலம் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது. நூறு அம்பு எய்த பிறகு அளந்தேன்: முக்கால் அங்குலம் மிச்சம் இருந்தது, தராசு 33 பவுண்டு காட்டியது. அப்புறம்தான் உப்புத்தாள் போட்டு, ஈரம் ஏறாமல் இருக்க நாலு கை வார்னிஷ் அடித்தேன். பக்கவாட்டில் பார்த்தால் மஞ்சள் மூங்கிலுக்கும் பழுப்புத் தடசுக்கும் நடுவே பென்சில் கோடு மாதிரி ஒட்டு ஓடுகிறது, பிடியிலிருந்து நுனி வரை எங்கேயும் அறாமல்.